வாசகர் கேள்வி-பதில்: கலைஞர் வந்தால் வாடகை ஏறுமா?

கேள்வி: ஓவியர்களும் நாடகக்காரர்களும் குடியேறிய பேட்டைகளில் சில வருடங்களிலேயே வாடகை எகிறி, கடைசியில் அவர்களே காலி செய்கிறார்கள். இதற்கு அவர்கள்தான் காரணமா?

பதில்: பாதிகூட இல்லை. ஒரு மனை இன்று ஈட்டும் வாடகைக்கும், வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் ஈட்டக்கூடிய வாடகைக்கும் உள்ள வித்தியாசம்தான் காரணம். புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் இதை ‘வாடகை இடைவெளி’ என்றார். அது பெருத்தால் முதலீடு தானாக வரும். வசதி உள்ளவர்களுக்கு அந்தப் பேட்டை மேல் இருந்த தயக்கத்தைப் போக்குவது மட்டும்தான் கலைஞர் செய்வது. 1964இல் லண்டனைப் பற்றி எழுதும்போது ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ (வசதி உள்ளவர்கள் குடியேற, அங்கிருந்த எளியவர்கள் வெளியேற்றப்படுவது) என்ற சொல்லை உருவாக்கிய சமூகவியலாளர் ரூத் கிளாஸ், வெளியேற்றப்பட்ட தொழிலாளர் குடும்பங்களைத்தான் நினைத்தார். உங்கள் கேள்வியில் அவர்கள் விடுபட்டுவிட்டார்கள்.

கேள்வி: சிற்பப் பட்டறைக்கு ஒரு பழைய கிடங்கைப் பேசியிருக்கிறேன். வாடகை மிகக் குறைவு. ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வாடகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் காலம். தரை, மின்இணைப்பு, தூசி உறிஞ்சி எல்லாம் போட 12 மாத வாடகை அளவுக்குச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 வருட ஒப்பந்தம் என்றால் நீங்கள் உண்மையில் கொடுப்பது ஒன்றரை மடங்கு வாடகை. 6 வருடம் என்றால் ஆறில் ஒரு பங்குதான் கூடுதல்.

அடுத்து, புதுப்பிக்கும் உரிமை. ‘இரு தரப்பும் சம்மதித்தால் நீட்டிக்கலாம்’ என்ற வரிக்கு எந்த மதிப்பும் இல்லை. அது உங்கள் உரிமையாக எழுதப்பட வேண்டும். புது வாடகையைக் கணக்கிடும் முறையும், ஏற்றத்துக்கு உச்ச வரம்பும் வேண்டும். ‘சந்தை வாடகை’ என்று போட்டால், நீங்கள் செய்த மேம்பாடுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போட்ட தரைக்கு நீங்களே வாடகை கட்டுவீர்கள். புதுப்பிக்க விரும்புவதாக எழுத்தில் சொல்லக் கெடு இருக்கும். ஒரு நாள் தவறினாலும் உரிமை போய்விடலாம். அந்தத் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.

அதைவிட ஆபத்தானது, இடித்துக் கட்டுவதானால் உரிமையாளர் இடையில் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்ற பிரிவு. வாடகை ஏன் மலிவு என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நீக்கச் சம்மதிக்காவிட்டால் 12 மாத முன்னறிவிப்பும், மீதிக் காலத்துக்கு உரிய உள்கட்டமைப்புச் செலவும் கேளுங்கள். சொத்து வரி, பராமரிப்பு உயர்வு யார் தலையில் விழும், கட்டடம் கைமாறினால் புது முதலாளியை ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா, காலி செய்யும்போது போட்டதையெல்லாம் பெயர்த்தெடுக்க வேண்டுமா என்பதையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே கட்டடத்தில் 14 பேர் வேலை செய்கிறோம். சேர்ந்து வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: உங்களுக்குத் தீரும். அடுத்து வருபவர்களுக்குத் தீருமா என்பது மறுவிற்பனை விதியைப் பொறுத்தது. ஜார்ஜ் மச்சியூனஸ் என்ற கலைஞர் 1967இல் நியூயார்க்கின் சோஹோவில் கலைஞர் கூட்டுறவாகக் கட்டடம் வாங்கத் தொடங்கினார். 1971இல் மாநகரம் அங்கே சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் வசிக்க அனுமதித்தது. இருந்தும் பின்னாளில் சோஹோ விலையுயர்ந்த கடைவீதியாயிற்று. உறுப்பினர்கள் தங்கள் பங்கைச் சந்தை விலைக்கு விற்க முடிந்தால், இளம் கலைஞருக்கு அங்கே இடமில்லை.

அதனால் நிலத்தை ஒரு அறக்கட்டளை வைத்துக்கொண்டு, நீண்ட குத்தகைக்கு விட்டு, மறுவிற்பனை விலையைச் சூத்திரத்தால் கட்டுப்படுத்தும் முறையைப் பாருங்கள். வாங்கப் பணமே இல்லையென்றால், ‘விற்பதானால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும்’ என்ற பிரிவை இப்போதே எல்லோர் ஒப்பந்தத்திலும் சேருங்கள். கூரை, மின்தூக்கிக்குத் தனி நிதி ஒதுக்குங்கள். 14 பேரில் மூவர் தவணை தவறினால் யார் கட்டுவது என்பதை வாங்கும் முன்பே எழுதிவிடுங்கள். கூட்டுகள் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கேள்வி: பட்டறையிலேயே இரவு தங்கலாமா?

பதில்: குடியிருக்க அனுமதி இல்லாத கட்டடம் என்றால் வேண்டாம். காப்பீடு செல்லாமல் போகலாம். வெளியேற்ற உரிமையாளருக்கு எளிய காரணமும் கிடைத்துவிடும். அமெரிக்காவின் ஓக்லண்டில் கலைஞர்கள் தங்கியிருந்த கிடங்கொன்றில் 2016 டிசம்பரில் இசை நிகழ்ச்சி நடந்த இரவு தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். குடியிருக்க அங்கே அனுமதி இருக்கவில்லை.

கேள்வி: நான் வரைந்த சுவரோவியத்தை உரிமையாளர் அழிக்கலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் சில ஓவியங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. நியூயார்க்கில் சுவரோவியங்கள் நிறைந்திருந்த ‘5பாயின்ட்ஸ்’ கட்டடத்தின் சுவர்களுக்கு 2013இல் ஒரே இரவில் வெள்ளையடித்த வழக்கில், 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தர 2018இல் தீர்ப்பானது. வரையும் முன் நீட்டும் காகிதத்தில் ‘படைப்பின் மீதான உரிமைகளைக் கைவிடுகிறேன்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முடிந்ததும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.