வாசகர் கேள்வி பதில்: பவளத்தில் ஏறும் பச்சைப் பாசி

கேள்வி: அண்ணா, என்னிடம் மூன்றடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய, பூப்போல விரியும் சோவாக்களையும் காளான் பவளங்களையும் அதில் வளர்க்கிறேன். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து நூல் நூலாகப் பச்சைப் பாசி படர்ந்து சோவாக்கள் விரிவதே இல்லை. பிடுங்கினால் ஒரு கிழமையில் திரும்ப வந்துவிடுகிறது. வற்றுகிற தண்ணீருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன், நல்ல தண்ணீர், நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம். பாசிகொல்லி மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
*வாசகர், உப்புவெளி*

பதில்: ஊற்ற வேண்டாம் தம்பி. பாசிகொல்லிகள் பலவற்றில் செம்பு இருக்கிறது, அது இறாலையும் நத்தையையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். செம்பு இல்லாத மருந்து என்றாலும், செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகி, தான் தின்றதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும், அதைத் தின்று அடுத்த பாசி முளைக்கும்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வறண்ட காற்றடிக்கும் கச்சான் காலத்தில் தொட்டி வேகமாக வற்றும். நீர் மட்டும்தான் ஆவியாகிறது, அதில் கரைந்திருப்பது எதுவும் போவதில்லை. நீங்கள் ஊற்றுகிற ஒவ்வொரு வாளி கிணற்றுத் தண்ணீரோடும், பாசிக்கு உரமாகிற நைட்ரேட் கொஞ்சம் உள்ளே போய் அங்கேயே தங்குகிறது. கரையோர மணலில் வெட்டிய கிணற்றுக்குள் மலசலகூடக் குழியிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் நைட்ரேட் ஊறி வருவது சாதாரணம். குடிக்க நல்ல தண்ணீர் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது: குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆனால் பவளத் தொட்டிக்கு 5 முதல் 10 மில்லிகிராமே போதும். அதனால் இன்றைக்கே கிணற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டு, கரைந்திருப்பதை வடிகட்டி எடுத்த ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள். மற்ற எல்லா வேலையும் இதற்குப் பிறகுதான்.

கடல் தண்ணீரை எங்கே அள்ளுகிறீர்கள் என்று எழுதவில்லை. கொட்டியாரக் குடாப் பக்கம் என்றால் வாடைக்கால மழையில் அள்ளாதீர்கள், மகாவலி வயல்களின் உரத்தையும் சேற்றையும் சுமந்துகொண்டு அங்கேதான் வந்து விழுகிறது, உப்பும் அப்போது குறைந்திருக்கும். மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு, வாய்க்கால் விழாத திறந்த கரையில் அள்ளுங்கள். கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும்.

சாப்பாட்டையும் பாருங்கள். அரைத்த இறாலையோ மீனையோ அப்படியே போட்டால் அதன் சாற்றோடு பாசிக்கு இன்னொரு உரமான பொஸ்பேட்டும் சேர்ந்து போகும், சின்ன வலையில் போட்டு அலசிவிட்டுப் போடுங்கள்.

இனிப் பாசியை எடுக்கும் வேலை. இதில் ஒரு விஷயத்தை நான் அழுத்தித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. சோவா இனங்கள் சிலவற்றின் சதையில் பாலிடொக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. 1971ல் ஹவாயில் இதே குடும்பத்து உயிரியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கையில் ஒரு கீறல் இருந்தாலோ, தேய்க்கும்போது ஒரு துளி கண்ணில் தெறித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தொடுங்கள். பாசி போகட்டும் என்று அந்தக் கல்லைக் கொதிநீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆவியைச் சுவாசித்தே வீட்டோடு நோயில் விழுந்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கல்லைத் தொட்டித் தண்ணீர் நிறைந்த ஒரு வாளிக்கு மாற்றி, நீருக்குள் வைத்தபடியே பழைய டூத்பிரஷால் தண்டுகளின் இடைவெளியைத் தேய்த்து, நூல்களை இடுக்கியால் வேரோடு இழுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பறந்து வேறு கல்லில் ஒட்டிக்கொள்ளும். நன்றாக இருக்கிற பவளச் சதையில் பாசி லேசில் பிடிக்காது, செத்த இடத்திலும் ஓரத்திலும்தான் பிடித்து நிழல் போட்டு நெருக்கும். அதனால் உங்கள் சோவாக்கள் செத்துவிட்டன என்று பயப்படாதீர்கள், வெளிச்சம் கிடைத்தால் பெரும்பாலும் விரிந்துவிடும். தேய்த்த பிறகு டர்போ நத்தைகள் சிலதைக் கடையில் வாங்கி விடுங்கள். குட்டையான முளைகளை அவை மேயும், நீண்ட நூலை அவ்வளவாகத் தொடாது, அதனால்தான் முதலில் கையால் எடுக்கச் சொல்கிறேன்.

அப்புறம், அவசரத்தில் நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் பூச்சியத்துக்கு இறக்கிவிடாதீர்கள். பவளத்துக்கும் அவை கொஞ்சம் வேண்டும், முற்றாக இல்லாமல் போனால் டைனோ எனப்படும் பழுப்புச் சளி வந்து குந்தும், அதை விரட்டுவது இதைவிடப் பெரிய தலையிடி. பாசி சில மாதங்களில் மெதுவாக அடங்கும்.

கேள்வி: புறாத்தீவுக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த முருகைக்கல்லைத் தொட்டிக்கு எடுத்து வரலாமா?
*வாசகி, கிண்ணியா*

பதில்: கூடாது தங்கச்சி. அது 2003 முதல் தேசியப் பூங்கா, செத்ததோ உயிருள்ளதோ ஒரு துண்டையும் எடுக்க முடியாது. பாசி படிந்த பழைய கல் உங்கள் தொட்டிக்கும் நல்லதல்ல.

கேள்வி: தொட்டியில் பிடுங்கிய பாசியைக் கடலில் கொட்டலாமா? கடலில் இருந்து வந்ததுதானே?
*வாசகர், நிலாவெளி*

பதில்: வேண்டவே வேண்டாம். கடையில் வாங்கிய கல்லோடு வந்த பாசி எந்தக் கடலுடையது என்று நமக்குத் தெரியாது. 1984ல் மொனாக்கோ கரையில் கோலர்ப்பா என்ற அலங்காரப் பாசி ஒரு சின்னத் திட்டாகத்தான் தெரிந்தது. மீன் காட்சித் தொட்டியிலிருந்து வெளியேறியது என்றே பரவலாகக் கருதுகிறார்கள். பிறகு அது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் கரைகள் வரை பரவிக் கடற்புல்லை மூடியது. நம் கரையிலும் கடற்புல் இருக்கிறது, புறாத்தீவு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிடுங்கியதை ஒரு தட்டில் பரப்பி, மொறுமொறுவென்று ஆகும்வரை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் விடாமல் கடலுக்கு ஓடாத இடமாகப் பார்த்து நிலத்தில் ஊற்றுங்கள்.