ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஸ்கோப் ஜீரோ ஏன் நிற்பதில்லை?

நேற்று ஜீரோ செய்தது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்தது, இன்று பிசகுகிறது, ஸ்கோப் கெட்டுவிட்டதா என்கிறீர்கள். முதலில் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் மவுண்டைப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைத்து, உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முட்டியதும் சட்டென்று முன்னால் குதிக்கும், அதில் மவுண்ட் கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்துவிடும். மவுண்டுக்குப் பின்னால் ரெயிலில் (மவுண்ட் பொருந்தும் தண்டவாளம் போன்ற பகுதியில்) பென்சிலால் ஒரு கோடு போட்டு இருபது குண்டு சுட்டுப் பாருங்கள், கோடு மறைந்தால் அதுதான் கோளாறு. ரெயிலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஸ்டாப் பின் (மவுண்ட் நகராமல் தடுக்கும் முள்) உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட் போடுங்கள், ஸ்க்ரூவை வெறிகொண்டு முறுக்கினால் ஸ்கோப் குழாய்தான் நசுங்கும். கோடு அப்படியே இருந்தால்? சரி, அப்போது ஸ்கோப்பைச் சந்தேகப்படலாம், ஏர்கன்னுக்கென்று செய்யாத ஸ்கோப் இந்த இரட்டை உதையில் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிடும். அப்புறம், மறுபடி ஜீரோ செய்யும்போது, திருகை ஒரு கிளிக் திருப்பினால் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு சிறிய கோண அளவு) நகரும் ஸ்கோப்பில் 25 கஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்தச் சுமார் பதினாறு கிளிக் வேண்டும், நூறு கஜத்துக்கான நான்கு போதாது.