'இமேஜின்' என்ற ஆங்கில வினைச்சொல்லை எந்தெந்தப் பொருளில், எப்படிப் பயன்படுத்துவது?

அகராதியில் பார்த்தால் 'கற்பனை செய்' என்றுதான் இருக்கும். தப்பில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் ஆங்கிலம் பேசுகிறவர் சொல்வதில் பாதி பிடிபடாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். என்னைக் கேட்டால், நம் பேச்சில் இதற்கு நெருக்கமானது 'நினைத்துப் பார்' என்பதுதான்.

கண்ணெதிரே இல்லாததை மனத்தில் உருவமாகக் கொண்டுவருவது இதன் அடிப்படைப் பொருள். லத்தீனில் 'இமாகோ' என்றால் உருவம். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'இமாஜினே' தெரிந்திருக்கும்; அதே சொல்தான்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைப் பற்றி ஒருமுறை வகுப்பில் எழுதச் சொன்னேன். பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளுடைய ஆயாவின் முந்திரித் தோப்பைப் பற்றி எழுதியிருந்தாள். விடிந்து போய்ப் பார்த்தால் மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வேரோடு செம்மண்ணைத் தூக்கிக்கொண்டு கிடந்ததாம். அதுவரை தோப்புக்குள் வெயிலே இறங்கியதில்லையாம். அது எப்படி இருந்தது என்று உங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று முடித்திருந்தாள். இந்தச் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆங்கிலத்தில் அவள் எழுதியது: 'யூ காண்ட் இமேஜின் ஹவ் டிட் இட் லுக்'. அங்கேதான் சின்னத் திருத்தம். இமேஜினுக்குப் பின்னால் ஹவ், வாட், வேர் வந்தால் அது நேர்க்கேள்வி இல்லை, 'டிட்' வேண்டாம். 'யூ காண்ட் இமேஜின் ஹவ் இட் லுக்ட்' என்றால் போதும்.

அடுத்த பொருள் ஊகம். இதைத்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். 'ஐ இமேஜின் ஹீ ஹேஸ் லெஃப்ட்' என்றால் யாரும் எதையும் கற்பனை செய்யவில்லை, 'கிளம்பியிருப்பார்', அவ்வளவுதான். சென்னைக்கு பஸ் ஏறியவரைப் பற்றி வீட்டில் கேட்டால், "இந்நேரம் திண்டிவனம் தாண்டியிருப்பார்" என்போமே, அந்த 'இருப்பார்' செய்கிற வேலையை அங்கே 'ஐ இமேஜின்' செய்கிறது. இந்தப் பொருளில் 'ஐ ஆம் இமேஜினிங்' என்று சொல்லக் கூடாது. எதற்கெடுத்தாலும் 'இங்' சேர்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த இடத்தில் அதை விட்டுவிடுங்கள்.

'யூ ஆர் இமேஜினிங் திங்ஸ்' மட்டும் வேறு. 'அதெல்லாம் உன் பிரமை' என்று பொருள். இலக்கணப்படி சரிதான். ஆனாலும் யாராவது மனக்குறையைச் சொல்லும்போது இதைச் சொல்லிவிடாதீர்கள், சுருக்கென்று தைக்கும்.

அப்புறம், எல்லோரும் தடுமாறும் இடம்: 'இமேஜின் டு லிவ்' என்பதா, 'இமேஜின் லிவிங்' என்பதா? இரண்டாவதுதான் சரி. இதற்குத் தமிழே கைகொடுக்கும். 'பாண்டிச்சேரியில் வாழ நினைத்துப் பார்' என்று நாம் சொல்வதில்லை, 'வாழ்வதை நினைத்துப் பார்' என்கிறோம். அந்த 'வாழ்வது'தான் 'லிவிங்'. வாழ ஆசைப்படுகிறேன் என்னும்போது 'வாழ' வருகிறது, அங்கே 'வாண்ட் டு லிவ்'. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விதியை உருப்போட வேண்டியதில்லை. இன்னொருவரைப் பற்றிச் சொல்லும்போதும் இதே அமைப்புதான்: 'ஐ காண்ட் இமேஜின் ஹிம் அக்ரீயிங்', அவர் ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆச்சரியத்துக்கு 'இமேஜின் தட்!' என்பார்கள். நம் 'அட, பாரேன்!' மாதிரி.

இதோடு ஒட்டிய இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'இமேஜினேடிவ் சைல்ட்' என்றால் கற்பனை வளம் உள்ள பிள்ளை. 'இமேஜினரி சைல்ட்' என்றால் அப்படி ஒரு பிள்ளையே இல்லை. பள்ளியில் பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பு எழுதும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.