அரைப் பேர்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 27. கட்டபெட்டுக்கு அருகே எங்கள் ஊர். குன்னூரில் ஒரு துணிக்கடையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். காலை 9 மணிக்குக் கடை திறக்கும், இரவு 9 மணிக்கு அடைக்கும். மாதம் இரண்டு நாள் விடுமுறை. சம்பளம் 14,000 ரூபாய். வீட்டிலிருந்து ஏழரைக்குக் கிளம்பினால் திரும்பி வரும்போது பத்தரை ஆகிவிடுகிறது. முதலாளி நல்ல மனிதர். தீபாவளிக்குத் துணியும் பணமும் கொடுப்பார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன நண்பன் என்னையும் கூப்பிடுகிறான். தங்கை கல்யாணக் கடன் இன்னும் முடியவில்லை. இத்தனை நேர உழைப்புக்கு இந்தப் பணம் தகுமா என்று சில இரவுகளில் தோன்றுகிறது. பிறகு வெட்கமாக இருக்கிறது. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய மனிதர்களே சொல்கிறார்கள். என் அம்மா முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒரு நாளும் அவர் நேரத்தைக் கணக்குப் பார்த்ததில்லை, அலுத்துக்கொண்டதும் இல்லை. அவருடைய மகன் நான் கணக்குப் பார்க்கலாமா? வேலையை விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

போன மாதம் ஊட்டியில் ஒரு கடையில் சால்வை எடுக்கப் போயிருந்தேன். எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றினாள். அருகிலேயே ஒரு முக்காலி இருந்தது. அதன் மேல் துணிக்கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்குமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்த உறுத்தல் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

முதலாளி நல்லவர் என்கிறீர்கள். இருக்கட்டும். 70 மணி நேரம் என்று 2023 அக்டோபரில் சொன்னவர் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி. அந்தப் பேச்சுக்கு நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? உங்கள் வாரம் ஏறக்குறைய 78 மணி நேரம். அவர் சொன்ன எல்லையை அவர் சொல்வதற்கு முன்பே தாண்டிவிட்டவர் நீங்கள்.

ஆனால் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளும் நேரத்தைக் கணக்குப் பார்த்ததில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அவரிடம் கேட்டீர்களா? நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் அவர் மலையில் இருந்தார். நீங்கள் தூங்கிய பிறகு பாத்திரம் கழுவினார். அவர் கணக்குப் பார்த்த இடங்களில் நீங்கள் இருந்ததே இல்லை, தம்பி.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்ப முடிவான ஐந்தேகால் லட்சம் பேரில் என் பெற்றோரும் அடக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தார்கள். இலங்கையிலிருந்து அவர்கள் கொண்டுவந்தவற்றில் பாதி சொற்கள். காலையில் ஆள் எடுக்கும் இடம் பிரட்டுக்களம். குழந்தைகளை விட்டுப் போகும் இடம் பிள்ளைக் காம்பரா. ஒரு நாள் கூலிக்குப் பெயர், பேர். சொன்ன அளவு கொழுந்து பறித்தால் உங்கள் பெயருக்கு நேரே அந்த நாள் ஏறும். அதுதான் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். மலையில் எட்டு மணி நேரம் நின்ற மனுஷி பாதி மனுஷியாகக் கணக்கில் ஏறுவாள்.

நேரம் பார்க்கவில்லையாம்! அம்மாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. ஆனால் அவரைப் போல நேரம் அறிந்தவர்களை நான் பிறகு பார்த்ததில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பே கூடையை நிமிர்த்திவிடுவார். என் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, மார்பு கட்டிக்கொண்டால் பத்து மணி. பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். போய்வர எத்தனை நிமிடம், அதில் எத்தனை கொழுந்து போகும் என்று அவருக்குத் தெரியும். விடியலில் நான்கு மணிக்குக் குழாயடியில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். எல்லாக் கணக்கும் அவரிடம் இருந்தது. அதை எழுதிக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

ஆடி மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். அம்மாவோடு நிறுவைக்குப் போனேன். கூடலூர் மழை உங்களுக்குத் தெரியும். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் பிளாஸ்டிக் தாள், கால் விரல்களுக்கு இடையில் அட்டை. மொத்தம் 17 கிலோ இருந்தது. ஈரத்துக்கென்று மூன்று கிலோவும் சாக்குக்கென்று ஒரு கிலோவும் கழித்தார் கணக்கப்பிள்ளை. மிச்சம் 13. அன்றைய அளவு 14. அரைப் பேர் போட்டார்.

நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. ஒரு கிலோ கொழுந்து என்றால் கால் கிலோவுக்கும் குறைவான தூள். அதற்கு அரை நாள் போயிற்று. அம்மா கணக்கப்பிள்ளையிடம் ஒரு சொல் பேசவில்லை. அந்த இடத்தில் பார்த்தவர்கள் அவர் அலுத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்வார்கள். லயத்துக்கு இறங்கும் குறுக்குவழியில், எனக்கு முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "பெய்த மழைக்கும் என் கூலியில்தான் பிடிக்கிறார்கள்." வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு குறுக்குவழி இருந்திருக்கும். அவர் சொன்னது உங்கள் காதில் விழவில்லை. அதைப் பொறுமை என்று பெயரிட்டு இப்போது உங்கள் கழுத்துக்கே கயிறாக்கிக்கொள்கிறீர்கள்.

அந்தப் பெண்களுக்கு நேரம் என்று ஒன்று உண்டு என்பதைச் சட்டமே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று 1946-இல் ஆயிற்று. வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம் அது. 1951-இல் தோட்டத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வந்தபோது அவர்களுக்கு 54 மணி நேரம் என்று எழுதினார்கள். அதை 48 ஆக்கிய திருத்தம் 1981-இல் வந்தது. 35 ஆண்டுகள். ஆலைக்காரனைவிட வாரத்துக்கு ஆறு மணி நேரம் கூடுதலாக இந்த மலைகளில் நின்றவர்கள் நம் பாட்டிகள். அவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள் என்று பேரன்கள் சொல்லக் கூடாது.

இப்போது உங்கள் கணக்கு. நீங்கள் 14,000 என்று மாதத்தைச் சொல்கிறீர்கள். இனி அப்படிச் சொல்லாதீர்கள். மாதம் என்பது பெரிய சாக்கு, அதற்குள் எதைத் திணித்தாலும் வெளியே தெரியாது. மணிக்கு எவ்வளவு என்று சொல்லிப் பழகுங்கள். கடையில் மட்டும் 12 மணி நேரம், 28 நாள், 336 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 42 ரூபாய். ஆனால் பஸ்ஸில் நின்றுவரும் நேரம் யாருடையது? இரவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரடி நிற்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக்கொண்டே தேயிலைக்கு நடுவில் நடக்கிறீர்களே, அந்த நேரம்? அதையும் சேருங்கள். ஏழரை முதல் பத்தரை வரை 15 மணி நேரம். 28 நாளுக்கு 420. மணிக்கு 33 ரூபாய் 33 காசு. இரண்டு டீ, ஒரு வடை. இதே 14,000 ரூபாயை நாளுக்கு எட்டு மணி நேரம், 26 நாள் வேலைக்கு வாங்கினால் மணிக்கு 67 ரூபாய் வரும். கடையில் நிற்கும் நேரத்தை மட்டும் எடுத்தாலே 67 வர வேண்டிய இடத்தில் 42தான். பஸ் நேரத்தையும் சேர்த்தால் 33, ஏறக்குறைய பாதி. நான்கு ஆண்டுகளாக உங்களுக்கு அரைப் பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், தம்பி. என் அம்மாவின் முன்னால் ஒரு தராசாவது தொங்கியது. முள் எங்கே நின்றது, எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கண்ணால் பார்க்க முடிந்தது. உங்கள் முன்னால் அதுவும் இல்லை.

சட்டம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்கவே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. மிகை நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. வாரம் ஒரு நாள் விடுமுறை. ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தத்தை 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆலைக்கு வேண்டாம் என்று ஊரே எதிர்த்த அந்தப் பன்னிரண்டு மணி நேரம் உங்கள் கடையில் நான்கு ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடக்கிறது.

திருப்பூரைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நம் மலைப் பிள்ளைகள் அங்கே போய் இருமலோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர் இருக்கிறது. அந்த அரை ஷிப்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது. நண்பனிடம் கேட்க வேண்டியது அந்த விலையைத்தான்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடன் உள்ள ஒருவரிடம் விட்டுவிடு என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடுத்த மாதம் முழுவதும் ஒரு நோட்டில் கடைக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எழுதுங்கள். கடையில் உங்களோடு இருப்பவர்களையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு எல்லோருமாகப் போய், ஏழு மணிக்கு அடைக்கலாமா, வாரம் ஒரு நாள் விடலாமா என்று அந்த நல்ல மனிதரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது, நோட்டும் உங்கள் கையில் இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வருகிற விடுமுறை நாளில் தூங்கிக் கழிக்காமல் அம்மாவின் அருகில் உட்காருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொடுக்க எவ்வளவு தூரம் ஓடினார், மழைக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள். அவருக்கு ஒவ்வொரு கிலோவும் நினைவிருக்கும்.

அன்புடன்,
அக்கா