பித்தப்பையை எடுத்துவிட்டால் சாப்பாடு செரிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. விருந்து, பிரியாணி என்று சாப்பிட்ட இரவுகளில் மேல்வயிற்றில் வலி பிடித்து வலது தோள்பட்டை வரை ஏறுகிறது. கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிகின்றன. பெரியது 11 மி.மீ. பையையே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கல்லை மட்டும் எடுக்க முடியாதா? பித்தப்பை இல்லாமல் செரிமானம் நடக்குமா?

பதில்: நடக்கும். பித்தநீர் ஊறுவது கல்லீரலில். வலது விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பெரிய உறுப்பு நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதன் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு பை. ஏழு முதல் பத்து செ.மீ. நீளம், கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே வரும் பித்தநீரை வாங்கி வைத்து, தண்ணீரை உறிஞ்சி அடர்த்தியாக்குவதுதான் அதன் வேலை. இரைப்பையிலிருந்து கொழுப்பு முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும் குடல் சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்புகிறது. அது இரத்தம் வழியாக வந்து பையைச் சுருங்க வைக்கிறது. பிரியாணி இரவுகளில் உங்களுக்கு வலி வருவது இதனால்தான்: பை பிழிகிறது, கல் வாயை அடைக்கிறது.

தோள்பட்டை வலிக்கும் காரணம் உண்டு. பித்தப்பையின் வலியைச் சுமக்கும் நரம்புகளும், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழுள்ள தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நுழைகின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்குத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் ஒன்று: மேல்வயிற்று வலியுடன் வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் இருந்தால் ‘கேஸ்தான், பித்தப்பைதான்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும்.

கல்லை மட்டும் ஏன் எடுப்பதில்லை? கல்லை உண்டாக்கிய பை அங்கேயே இருந்தால் மறுபடி கல் வரும். சிறுநீரகக் கல்லைப் போல உடைத்துவிட்டால் வெளியேறிவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். பித்தப்பையின் வாய்க்குழாய் சில மி.மீ. அகலமே உள்ளது, உடைந்த துண்டுகள் அதில் சிக்கினால் நிலைமை மோசமாகும். சொல்லப்போனால் பெரிய கல்லைவிடப் பொடிக் கற்களுக்கே நான் அதிகம் பயப்படுவேன். அவை நழுவி, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தில் இறங்கிவிடும். பெரும்பாலோருக்கு அந்த நாளமும் கணையத்தின் நாளமும் ஒன்றுசேர்ந்து முன்சிறுகுடலில் ஒரே வாசலில் திறக்கின்றன. அங்கே கல் உட்கார்ந்தால் ஒருபக்கம் மஞ்சள் காமாலை, மறுபக்கம் உயிருக்கே உலை வைக்கும் கணைய அழற்சி. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தில் விழும் என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். விழும் பச்சை உருண்டைகள் பித்தக்கற்கள் அல்ல. குடித்த எண்ணெய் குடலில் சோப்பு போலத் திரண்டவை.

பொதுவாக, தொந்தரவே தராமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் கல்லைச் சும்மா விட்டுவிடலாம். உங்களுக்கு வலி திரும்பத் திரும்ப வருவதால் டாக்டர் சொல்வது சரி. லேப்ராஸ்கோப்பியில் சிறு துளைகள் வழியே பையின் வாய்க்குழாயில் கிளிப் போட்டுப் பையை எடுப்பார்கள். கல்லீரலிலிருந்து குடலுக்குச் செல்லும் முதன்மைப் பாதை அப்படியே இருக்கும். பிறகு பித்தநீர் சேமிப்பு இல்லாமல் சொட்டுச் சொட்டாகக் குடலில் இறங்கும். சிலருக்குச் சில வாரங்கள் வயிற்றுப்போக்கு இருக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகும். முதல் மாதம் எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். வயிற்றுப்போக்கு நீடித்தால் அதற்கு மருந்து உண்டு.

ஆபரேஷனுக்கு முன்பே காய்ச்சலோடு குளிர் நடுக்கம், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, முதுகுக்குப் பரவும் விடாத வலி இவற்றில் எது வந்தாலும் ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இப்போது உங்கள் ஸ்கேன் அறிக்கையில் ‘சி.பி.டி.’ என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது பொதுப் பித்தநாளம், பக்கத்தில் உள்ள எண் அதன் அகலம். நாளம் விரிந்திருந்தாலோ, இரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி) கூடியிருந்தாலோ, நாளத்தில் கல் இருக்கிறதா என்று எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்க வேண்டுமா என டாக்டரிடம் கேளுங்கள்.