கேள்வி பதில்: அலமாரில எந்த ப்ளேன் இருக்கணும்?

கேள்வி: அண்ணே, ரெண்டு வருஷமா பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி ப்ளேன் ஒட்டிட்டு இருக்கேன். கைவசம் ஒரு ஸ்பிட்ஃபயர், ஒரு மஸ்டாங். 'கட்டாயம் இருக்க வேண்டிய விமானங்கள்'னு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் குடுக்குறாங்க, எல்லாத்தையும் வாங்கணும்னா வீட்டு அட்வான்ஸை திருப்பி வாங்கணும் போல. நீங்க எதை சொல்வீங்க? (ஒரு வாசகர், தண்டையார்பேட்டை)

தம்பி, அந்த லிஸ்ட் எல்லாம் எனக்கும் மனப்பாடம், மெஸ்ஸர்ஸ்மிட் 109, ஜீரோ, லங்காஸ்டர்னு போயிட்டே இருக்கும், தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அது அவங்க ஊர் கதை. உங்க வீட்டுக்கு வர்ற பையன் அலமாரி முன்னாடி நின்னு "இது இன்னா ப்ளேன்"னு கேட்டா நீங்க ரசிச்சு சொல்றதுக்கு ஒரு கதை வேணும்ல, அதை வெச்சு பொறுக்குங்க.

என்னைக் கேட்டா முதல்ல டிஃபயன்ட், ரெண்டாம் உலகப் போர் கால பிரிட்டிஷ் ஃபைட்டர். யாரும் லிஸ்ட்ல போடாத வண்டி. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல நம்ம மெட்ராஸ் மாகாணத்துல இருந்து ப்ளேன் வாங்க பிரிட்டிஷ்காரனுக்கு பணம் போச்சு (யார் மனசார குடுத்தா, யார் கலெக்டருக்கு பயந்து குடுத்தாங்கறது வேற கதை), அதுக்கு மரியாதையா ராயல் ஏர்ஃபோர்ஸ்ல மூணு ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவு) 'மெட்ராஸ் பிரசிடென்சி'னு பேரே வெச்சாங்க. 79, 234, 264. இதுல 79 ஹரிக்கேன் ஓட்டுச்சு, 234 ஸ்பிட்ஃபயர், 264 தான் டிஃபயன்ட். விமானிக்கு முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கி கூட கிடையாது, அவன் முதுகுக்குப் பின்னாடி சுத்தற கூண்டுல இன்னொரு ஆள் நாலு துப்பாக்கியோட உக்காந்திருப்பான். நேருக்கு நேர் வந்தாலோ அடில இருந்து வந்தாலோ இவங்க கதை முடிஞ்சுது. 1940 ஆகஸ்ட் கடைசில 264க்கு செம அடி, அப்புறம் ராத்திரி வேலைக்கு மாத்திட்டாங்க. தோத்த வண்டிதான், ஆனா நம்ம ஊர் பேர் போட்ட ஸ்குவாட்ரன் வண்டி. 1/72 சைஸ்ல (நிஜத்துல 72ல ஒரு பங்கு) ஏர்ஃபிக்ஸ் கம்பெனி கிட் இருக்கு. ராத்திரி வண்டின்னு முழு கருப்பு மட்டும் அடிக்காதீங்க, நம்ம ஏரியா புழுதிக்கு நாலே நாள்ல சாம்பல் ஆயிடும்.

இன்னொரு ஐடியா, செலவே இல்ல. உங்ககிட்ட இருக்கற ஸ்பிட்ஃபயர் 1940 மாடலா இருந்தா அதுல இருக்கற எழுத்தை எடுத்துட்டு 234ஓட அடையாள எழுத்து 'ஏஇசட்' (AZ) ஒட்டுங்க, அதுவும் மெட்ராஸ் வண்டி ஆயிடும்.

அடுத்தது ஜோடியா ரெண்டு, நம்ம விமானப்படை ஓட்டின ஃபைட்டர் ஜெட்டுங்க, 'நாட்' (Gnat), மிக்-21. தனித்தனியா வாங்கறவங்கதான் ஜாஸ்தி, ஆனா பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் அழகு. பாகிஸ்தான் போர்ல 1971 டிசம்பர் 14, ஒரே நாள். ஸ்ரீநகர்ல நிர்மல் ஜித் சிங் சேகோன் ஒரு நாட் ஃபைட்டரை எடுத்துட்டுப் போய் பாகிஸ்தானோட சேபர் ஜெட் கும்பலோட ஒத்தையா மோதி உயிரை விட்டாரு, நம்ம விமானப்படைல பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள் இன்னிக்கு வரைக்கும் அவர்தான். அதே நாள் அந்தப் பக்கம் டாக்காவுல மிக்-21 போய் கவர்னர் மாளிகை மேல ராக்கெட் விட்டுச்சு. மிக் வாங்கும்போது பாத்து வாங்குங்க, 71ல டாக்கா போனது எஃப்எல்ங்கற ரகம், முதுகு ஒல்லியா இருக்கும். கடைல ஈசியா கிடைக்கறது பிஸ்ங்கற பிந்தின ரகம், அது முதுகு வீங்கின வண்டி. மிக்-21 முதல்ல 1963ல நம்ம படைக்கு வந்தது, 2025 செப்டம்பர் 26 சண்டிகர்ல வழியனுப்பினாங்க. ஒரு ஃபைட்டர் 62 வருஷம்!

ஆள், சாமான் ஏத்தற டகோட்டா சொல்லவே வேணாம், 1947 அக்டோபர் 27 ஸ்ரீநகருக்கு சோல்ஜருங்களை கொண்டு போய் இறக்கினது அதுதான், 2024 அக்டோபர் ஏர் ஷோல மெரினா மேலயே பறந்துச்சு. தேஜஸ் அப்புறம் வாங்கிக்கலாம், அது இன்னும் பறக்குது, அவசரம் இல்ல.

கேள்வி: நான் ஒட்டின நாட் மூக்கை தூக்கிக்கினு வால்ல உக்காருது. இன்னா பண்றது? (காசிமேடு)

காசிமேட்டுல இருந்துக்கினு இதை என்னைக் கேக்கறீங்களே! வலைக் கடைக்குப் போய் வலைக்கு கட்டற சின்ன ஈயக்குண்டு கொஞ்சம் வாங்குங்க. மூக்கு சக்கரம் வெச்ச ப்ளேன் பலதுக்கு உள்ள வெயிட் வெச்சே ஆகணும், உடம்பு ரெண்டு பாதியையும் ஒட்டறதுக்கு முன்னாடி. செல்லோடேப் போட்டு சேர்த்து, பின் சக்கரம் வர்ற இடத்துக்கு அடில ஒரு பென்சில் வெச்சுப் பாருங்க, மூக்கு கீழ சாயற வரைக்கும் ஈயம் போடுங்க. ஈயத்தை மரத்துக்குப் போடற வெள்ளைப் பசைல ஒட்டாதீங்க, நாளாக நாளாக ஈயம் வெள்ளையா பூத்து ஊதி உடம்பையே பொளந்துடும், எபாக்சி போடுங்க. தொட்ட கையோட டீ குடிக்கப் போகாதீங்க. உங்களுது ஏற்கனவே ஒட்டியாச்சுன்னா முன் சக்கரக் குழில ஓட்டை போட்டு உள்ள தள்ளணும், வேற வழி இல்ல.

நாட் விஷயத்துல நான் ஏமாந்த கதையும் சொல்லிடறேன். ஒரு கடைல 'நாட்'னு கேட்டு வாங்கிட்டு வந்து பிரிச்சா உள்ள ரெண்டு சீட்டு! அது பிரிட்டிஷ் ரெட் ஏரோஸ் ஓட்டின ட்ரெயினர், சேகோன் ஓட்டினது ஒத்தை சீட்டு, 1/72ல மொத்த நீளமே 12 சென்டிமீட்டர்தான் வரும். பெட்டி மேல படத்துல சீட்டை எண்ணிட்டு துட்டு குடுங்க.

கேள்வி: என் பையன் ஸ்ப்ரே அடிச்சா மழைக்காலத்துல மட்டும் பெயின்ட் மேல வெள்ளையா படியுது, வீடு பூரா நாத்தம் வேற. (ஒரு அம்மா, திருவொற்றியூர்)

அக்கா, பையன் மேல தப்பு இல்ல. லாக்கர் பெயின்ட்ல தின்னர் சடார்னு காயும்போது மேல்பரப்பு சில்லுனு ஆயிடும், கடல் காத்துல இருக்கற ஈரம் அதுல படிஞ்சு வெள்ளை பூக்குது. ஐப்பசி கார்த்திகைல ஸ்ப்ரேயை மூட்டை கட்டச் சொல்லுங்க. தண்ணி அக்ரிலிக் வாங்கி பிரஷ்ல அடிக்கட்டும், நாத்தமும் குறையும். மத்த மாசத்துல ஸ்ப்ரேன்னா மொட்டை மாடி, மாஸ்க் கட்டாயம்.

கேள்வி: 1/72 நல்லதா, 1/48 நல்லதா? (பெரம்பூர்)

நம்ம வீட்டு சைஸுக்கு 1/72. நிஜத்துல ஆறு அடி, மாடல்ல ஒரு இன்ச், கணக்கு ஈசி. மிக்-21 ரெக்கை 10 சென்டிமீட்டர், டகோட்டா 40. ஒரே ஸ்கேல்ல வெச்சாதான் எது எவ்ளோ பெருசுன்னு கண்ணுக்கு புரியும், கலந்து வெச்சா பொம்மைக் கடை மாதிரி ஆயிடும்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி டேப் எடுத்து அலமாரியை அளங்க. போர் முடிஞ்சதும் கான்பூர்ல பிரிட்டிஷ்காரன் உடைச்சுப் போட்டுட்டுப் போன லிபரேட்டர்ங்கற பெரிய குண்டு போடற ப்ளேன்களை பெங்களூர் விமானக் கம்பெனி எச்ஏஎல் ஆளுங்க ரிப்பேர் பண்ணி பறக்க வெச்சாங்க, நம்ம படை அதை 1968 வரைக்கும் ஓட்டுச்சுன்னு படிச்ச ஜோர்ல நானும் ஒண்ணு வாங்கி மூணு மாசம் ஒட்டினேன். ரெக்கை ஒன்றரை அடிக்கு மேல. இப்ப பீரோ மேல சூட்கேஸ் பக்கத்துல நிக்குது, வீட்டுல ஒட்டடை அடிக்கிற அன்னிக்கு நான் லீவு போடறேன்.