வாக்குவம் பையில் காய்ந்த பசை: கேள்வி பதில்

வெனீர் எனும் மெல்லிய மரத்தகட்டைப் பலகையில் ஒட்ட, உள்ளே வைத்துப் பம்பால் காற்றை உறிஞ்சி அழுத்தும் வாக்குவம் பைகளில் காய்ந்துபோன பசையை எப்படி எடுப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில் சொல்லும் முன் எல்லோரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: பையில் இருப்பது என்ன பசை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பசைக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது.

தேக்கு வெனீரை வெள்ளைப் பசையில் ஒட்டினேன், ஐயா. ஓரத்தில் வழிந்தது பையில் தகடாகக் காய்ந்துவிட்டது. உளியால் மெதுவாகச் சுரண்டலாமா?

உளி பையின் பக்கமே வரக்கூடாது. பையின் கனமே அரை மில்லிமீட்டர், மிஞ்சினால் முக்கால். குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் பம்ப் ஓயாமல் ஓடும்.

வெள்ளைப் பசைக்கு வெந்நீர் போதும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு பழைய துண்டை நனைத்து, பிழியாமல் பசையின் மேல் போடுங்கள். சூடு ஆறாமல் இருக்க மேலே பாலித்தீன் தாளால் மூடி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். துண்டை எடுத்துப் பார்த்தால், கண்ணாடி போலிருந்த பசை பால் நிறத்துக்கு மாறியிருக்கும். கட்டைவிரலை அடியில் கொடுத்துத் தள்ளினால் சுருண்டுகொண்டே வரும். அடம்பிடிக்கும் இடத்தில் வெந்நீரோடு வினிகர் கலந்து இன்னொரு முறை போடுங்கள். தண்ணீர் தாங்கும் வகைப் பசையென்றால் இரண்டு மூன்று முறை ஆகும்.

வேலை முடிந்ததும் பையைத் திறந்து வைத்து உள்பக்கத்தை நன்றாக உலர்த்த வேண்டும். ஈரப் பையைப் பம்பில் மாட்டினால் வாக்குவம் முழுதாக ஏறாது. எண்ணெயில் ஓடும் பம்ப் என்றால் எண்ணெயும் கெட்டுப்போகும்.

என்னுடையது தூளைக் கரைத்துப் பூசும் யூரியா பார்மால்டிஹைடு பசை. வெந்நீரில் அசையவே இல்லையே?

அசையாது. ஒருமுறை இறுகிவிட்டால் வெள்ளைப் பசையைப் போல அது இளகிக்கொடுக்காது. ஆனால் அது எளிதில் நொறுங்கும். பை வளையும், பசை வளையாது. அந்த வித்தியாசம்தான் நமக்குக் கைகொடுக்கிறது.

பசை இருக்கும் இடத்தை மேசையின் உருட்டிய விளிம்பில் வைத்து, பசை வெளிப்பக்கம் இருக்கும்படி மெல்ல வளையுங்கள். 'பட் பட்' என்று தெறித்து விழும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். குளிரில் வினைல் (பிவிசி பிளாஸ்டிக்) பை விறைத்திருக்கும்; வெயில் ஏறிய பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லுகளைப் பொறுக்கும்போது அவசரப்படாதீர்கள். என் முதல் பை போனது இந்த இடத்தில்தான். நெல்மணி அளவுச் சில்லு ஒன்று மூலையில் தங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நல்ல வாக்குவத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் பத்து டன்னை நெருங்கும் அழுத்தம். அந்தச் சில்லு பையைத் துளைத்து, வெனீரிலும் ஒரு குழியை வைத்துவிட்டது. அன்றிலிருந்து பையின் உள்ளே வாக்குவம் கிளீனர் விட்டு, அதன் பிறகு உள்ளங்கையால் முழுவதும் தடவிப் பார்க்காமல் நான் அடுத்த வேலையை ஏற்றுவதில்லை.

அசிட்டோன் அல்லது தின்னர்?

இரண்டும் வேண்டாம். பசை கரைவதற்குள் வினைல் ஊதி இளகிவிடும்; காய்ந்த பிறகு விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் பையும் அசிட்டோனில் ஊதும். நகப்பூச்சு நீக்கியிலும் பெரும்பாலும் அசிட்டோன்தான்.

இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை ஒட்டிக்கொண்டால், அண்ணா?

இறுகுவதற்குள் பார்த்துவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். இறுகிவிட்டால் முடி உலர்த்தியால் இதமாகச் சூடு காட்டுங்கள். பை கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக்கூடாது. எபாக்ஸி தோல் போல் இளகும்போது, மூலை மழுக்கிய பழைய ஏடிஎம் அட்டையால் தள்ளுங்கள்.

அப்படியும் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் விட்டுவிடலாம், அதனால் கெடுதல் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கிளிப் கடிக்கும் வாய்ப்பகுதி, வெனீரில் தடம் பதிக்கும் அளவு மேடான கட்டி.

பசை பையில் படாமலே செய்ய முடியாதா?

முடியும், அதுதான் உத்தமம். வெனீருக்கும் அதை அழுத்த மேலே வைக்கும் பலகைக்கும் நடுவே பாலித்தீன் தாள் விரியுங்கள், நான்கு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு. மரப்பசை எதுவும் பாலித்தீனில் பிடிக்காது. செய்தித்தாளைப் போட்டால் அதுவே வெனீரோடு ஒட்டிக்கொள்ளும். பலகையின் விளிம்புகளை உருட்டி மெழுகு தேயுங்கள். பசையையும் குறைத்துப் பூசுங்கள். வெனீர் அரை மில்லிமீட்டர்தான் என்பதால் மிகுந்த பசை மரத்துளைகள் வழியே மேலேயும் கசியும்.

சுத்தம் செய்த பிறகு பை காற்று இழுக்கிறது. ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பம்பை ஓடவிட்டு வாக்குவம் ஏறியதும் நிறுத்துங்கள். பட்டறையில் எல்லா இயந்திரமும் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு மெல்லிய குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைப் பையின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். சீறல் கேட்கும் இடத்தில் வட்டம் போட்டு, பையின் வகைக்கே உரிய துண்டையும் பசையையும் வைத்து ஒட்டுங்கள்: வினைலுக்கு வினைல், பாலியூரித்தேனுக்குப் பாலியூரித்தேன். ஒட்டிய இடத்தை ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே பம்பை மாட்டுங்கள்.